டெம்ப்ளேட்டில் சரி, காரிடாரில் தப்பு: சாலைக் குறுக்குவெட்டுக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சாலையை எடுத்தால் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே எல்லாம் வந்துவிடும். மானாவாரி நிலம், ஏரிக்கரை, வெடி வைத்தால்தான் உடையும் பாறை, மலைச்சரிவு, ஊருக்குள் இரண்டு பக்கமும் கடை. சாலையின் மாதிரிக் குறுக்குவெட்டான ஒரே டெம்ப்ளேட்டை முழு நீளத்துக்கும் ஓட்டிக் காரிடாரை (முழுச் சாலையின் முப்பரிமாண வடிவத்தை) உண்டாக்கும்போது, நிலம் குணம் மாறும் இந்த இடங்களில்தான் குறுக்குவெட்டு கெட்டுப்போகும்.

இங்கே சொல்வதெல்லாம் ஓப்பன்ரோட்ஸ் டிசைனர் என்ற சாலை வடிவமைப்பு மென்பொருளை மனதில் வைத்து. இன்ரோட்ஸில் பழகியவர்களுக்கும் சொற்கள் இவையே. சிவில் 3டி-யில் வேலை செய்பவர்கள் டெம்ப்ளேட்டை அசெம்பிளி என்றும், எண்ட் கண்டிஷனை (சாலை விளிம்பிலிருந்து நிலத்தைத் தேடிப்போகும் சரிவுப் பகுதியை) டேலைட் என்றும் வைத்துக்கொண்டு படிக்கலாம். கோளாறின் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

அறிகுறி எதுவாக இருந்தாலும் காரிடாரில் கை வைக்காதீர்கள். முதலில் டெம்ப்ளேட்டைத் திறந்து பாயின்ட்களின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் அந்தப் பாயின்ட் இரண்டு கன்ஸ்ட்ரெயின்ட்டாலும் (இடத்தைப் பிணைக்கும் கட்டுப்பாடுகளாலும்) கட்டப்பட்டிருக்கிறது. மஞ்சள் என்றால் ஒன்றுதான் இருக்கிறது. பச்சை என்றால் எதுவுமே இல்லை. முடிந்துபோன டெம்ப்ளேட்டில் காரணமில்லாமல் ஒரு பச்சையோ மஞ்சளோ இருந்தால் கோளாறு அங்கேதான் என்று பாதி முடிவுக்கு வரலாம். அப்புறம் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, நிலக்கோட்டை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அங்கே சரியாக வந்து காரிடாரில் தப்பாக வந்தால் மட்டும் டெர்ரெய்ன் (சர்வேயிலிருந்து உருவான நிலப்பரப்பு), பாயின்ட் கன்ட்ரோல் (ஒரு பாயின்ட்டை வேறொரு கோட்டோடு இழுத்துச்செல்லும் கட்டளை), டெம்ப்ளேட் டிராப் (காரிடாரில் டெம்ப்ளேட்டை இறக்கிய நீளம்) என்று வெளியே தேடலாம். இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. காரிடாரில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்தால் இன்றைய வரைபடம் பிழைக்கும், லைப்ரரியில் உள்ள டெம்ப்ளேட் பழுதாகவே இருக்கும். அடுத்த சாலைக்கு அதை எடுப்பவர் மறுபடியும் அதே குழியில் விழுவார்.

சரிவுக்கோடு நிலத்தைத் தொடவில்லை, அல்லது வரவே இல்லை

அதிகம் வரும் அறிகுறி இதுதான். எங்கே வருகிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிரித்துவிடலாம்.

முழு நீளத்துக்கும் வரவில்லை என்றால் டெம்ப்ளேட்டைச் சந்தேகிக்க வேண்டாம். டெர்ரெய்ன் ஆக்டிவ் ஆக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வைத்திருந்தும் வரவில்லையா? எண்ட் கண்டிஷனின் டார்கெட்டில் (அது தேடிப்போகும் இலக்கில்) பழைய திட்டத்தின் டெர்ரெய்ன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பல சாலைகளுக்குப் பயன்படப்போகும் டெம்ப்ளேட்டில் டார்கெட்டை ஆக்டிவ் என்றே விட்டுவிடுவது நல்லது. பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் காரிடாரில் டார்கெட் ஏலியாசிங் கொடுத்து, இந்தத் திட்டத்தின் டெர்ரெய்னோடு அந்தப் பெயரை இணைத்துவிடுங்கள்.

சாலையின் ஒரு பாதியில் வந்து மறுபாதியில் வரவில்லையா? நம் ஊருக்கே உரிய ஒரு காரணத்தைப் பார்த்துவிடுங்கள். 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் ஊடாகப் போகிறது. யுடிஎம் என்ற வரைபட ஆயமுறையின் 43-ஆம் மண்டலம் அங்கே முடிந்து 44-ஆம் மண்டலம் தொடங்குகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் 43-இல் இருக்கின்றன. கிருஷ்ணகிரியும் தர்மபுரி நகரமும் 44-இல். ஓசூர் பக்கம் ஈஸ்டிங் (மீட்டரில் சொல்லும் கிழக்கு ஆயத்தொலை) 8 லட்சத்தைத் தாண்டி வரும், கிருஷ்ணகிரியில் 2 லட்சத்தை ஒட்டி வரும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரிக்கு வரும் சாலையை இரண்டு குழு பிரித்து சர்வே செய்து, அவரவர் கருவி காட்டிய மண்டலத்திலேயே கொடுத்திருந்தால், ஒரு டெர்ரெய்ன் சாலையின் அடியில் இருக்கும், மற்றொன்று அறுநூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும். மென்பொருள் பிழை எதுவும் சொல்லாது. சரிவுக்கோடு வராது, அவ்வளவுதான். கையில் வந்த புள்ளிக் கோப்பில் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தாலே தெரிந்துவிடும். முழுச் சாலைக்கும் ஒரே மண்டலத்தைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். மண்டல ஓரத்தில் இருப்பதால் வரைபட நீளமும் தரையில் அளக்கும் நீளமும் கிலோமீட்டருக்கு அரை மீட்டருக்கு மேல் வேறுபடும் என்பதையும் சர்வேக்காரரிடம் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

அங்கங்கே மட்டும் வராமல் போனால் இரண்டில் ஒன்று. சர்வே பட்டை குறுகலாக இருந்து, சரிவுக்கோடு நிலத்தைத் தொடும் முன்பே டெர்ரெய்ன் முடிந்துபோயிருக்கலாம். உயரமான மண் நிரப்பில் இது சகஜம்: 6 மீட்டர் உயரத்துக்கு 2-க்கு 1 சரிவு (2 கிடைக்கு 1 செங்குத்து) கொடுத்தால் ஷோல்டர் (ஓடுதளத்தை ஒட்டிய ஓரப்பட்டை) விளிம்பிலிருந்தே 12 மீட்டர் வெளியே போக வேண்டும். இதற்கு மருந்து மறு சர்வே மட்டும்தான். டெர்ரெய்னின் ஓரத்தை இழுத்து நீட்டி ஒப்பேற்றாதீர்கள்.

இன்னொரு காரணம் மலை. 2-க்கு 1 சரிவு என்பது கிட்டத்தட்ட 26.6 டிகிரி. இயற்கைச் சரிவே அதைவிடச் செங்குத்தாக இறங்கும் இடத்தில், பள்ளத்துப் பக்கம் எத்தனை தூரம் நீட்டினாலும் அந்தக் கோடு நிலத்தைச் சந்திக்காது. மேட்டுப் பக்கம் 1-க்கு 1 கட்டிங் வெட்டினாலும் இதே கதைதான். மலை 45 டிகிரியை நெருங்கினால் வெட்டு உச்சிவரை ஓடும். வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரியான இடங்களில் ‘எண்ட் கண்டிஷன் இன்ஃபினிட்’ என்று டிக் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அது கோட்டை நீட்டும், அவ்வளவே. அந்த இடத்துக்கு வேண்டியது தாங்கு சுவர். ஆகவே டெம்ப்ளேட்டிலேயே வரிசை வையுங்கள். முதலில் 2-க்கு 1, ஒரு குறிப்பிட்ட கிடைத்தூரத்துக்குள் தொட்டால் மட்டும். அடுத்து 1.5-க்கு 1. அதுவும் எட்டாவிட்டால் தாங்கு சுவர். எந்த செயினேஜிலிருந்து (சாலையின் தொடக்கத்திலிருந்து அளந்த தூரம்) எந்த செயினேஜ் வரை சுவர் வேண்டும் என்பதை அதற்குப் பிறகு காரிடாரே காட்டிவிடும்.

கோடு நிலத்தைத் தொட்டும் சந்தேகமாக இருக்கும் ஓர் இடம் உண்டு: ஏரிக்கரை மேல் போகும் சாலை. தண்ணீர் நின்றபோது சர்வே செய்திருந்தால் ஏரிக்குள் புள்ளிகளே இருக்காது. டெர்ரெய்ன் கரையிலிருந்து அக்கரைக்கு நீண்ட முக்கோணம் போட்டு, இல்லாத தரை ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். சரிவு அழகாக அதன்மேல் முடியும். முக்கோணங்களைக் காட்சிக்குக் கொண்டுவந்து, நீளமானவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

தரை மேடாக இருந்தும் வடிகால் வரவில்லை

எண்ட் கண்டிஷன்களின் முன்னுரிமை தலைகீழாக இருக்கிறது. வடிகாலுடன் கூடிய கட்டிங்குக்கு முதல் இடம், மண் நிரப்புக்கு அடுத்த இடம் என்று வையுங்கள். வடிகாலின் அடியிலிருந்து மேலேறும் பின்சரிவு நிலத்தைச் சந்தித்தால் கட்டிங் நிற்கும்; நிலம் வடிகால் அடியைவிடத் தாழ்ந்திருந்தால் சந்திக்காது, மென்பொருள் தானாக நிரப்புக்குப் போய்விடும். வரிசை மாறியிருந்தால் ஷோல்டர் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருக்கும் இடத்திலெல்லாம் நிரப்பு ஜெயித்துவிடும், மழைநீருக்கு வழி இருக்காது.

வரிசை சரியாக இருந்தும் வடிகால் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறதென்றால், ‘செக் ஃபார் இன்டர்செப்ஷன்’ தேவையில்லாத பாயின்ட்டிலும் ஆன் ஆகியிருக்கிறது. நிலத்தைத் தேட வேண்டியது பின்சரிவின் கடைசிப் பாயின்ட் மட்டுமே. முன்சரிவுக்கும் வடிகால் அடிக்கும் அதை எடுத்துவிடுங்கள்.

சாலையை அகலப்படுத்தினால் கேம்பர் மாறிவிடுகிறது

இது கண்ணில் படாமல் கட்டுமானம் வரை போய்விடும் கோளாறு. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

7 மீட்டர் ஓடுதளம், 2.5 சதவீதக் கேம்பர் (மையத்திலிருந்து விளிம்புக்கு இறங்கும் குறுக்குச் சரிவு) என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து விளிம்பு 3.5 மீட்டர் தள்ளி, 8.75 சென்டிமீட்டர் கீழே. விளிம்புப் பாயின்ட்டை வரையும்போது ஹாரிசான்டல் 3.5, வெர்ட்டிகல் மைனஸ் 0.0875 என்று கட்டிவிட்டால் டெம்ப்ளேட்டில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். சாலை அகலம் மாறாதவரை தப்பும் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்காகப் பாயின்ட் கன்ட்ரோல் கொடுத்து அந்த விளிம்பை 6.5 மீட்டருக்கு இழுக்கிறீர்கள். கீழிறக்கம் அதே 8.75 சென்டிமீட்டர்தான் இருக்கும். கேம்பர் 1.35 சதவீதத்துக்கு வந்துவிடும். தண்ணீர் தேங்குவது ஜனங்கள் பேருந்துக்கு நிற்கும் இடத்திலேயே. வளைவில் கூடுதல் அகலம் கொடுக்கும்போதும் இப்படித்தான். இரண்டுவழிச் சாலையில் 61 முதல் 100 மீட்டர் ஆர வளைவுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐஆர்சி:73 (1980 பதிப்பு) சொன்னது 0.9 மீட்டர். அதை இரண்டு பக்கமும் பாதி பாதியாகப் பிரித்தால் விளிம்பு 3.95 மீட்டருக்குப் போகும், கேம்பர் 2.2 சதவீதமாகக் குறையும்.

திருத்தம் எளிது. வெர்ட்டிகலை எடுத்துவிட்டு, மையப் பாயின்ட்டைப் பேரண்ட்டாக (பின்தொடர வேண்டிய மூலப் பாயின்ட்டாக) கொண்ட ஸ்லோப் கன்ஸ்ட்ரெயின்ட் மைனஸ் 2.5 சதவீதம் கொடுங்கள். ஹாரிசான்டலுக்கும் ஸ்லோப்புக்கும் லேபிள் வையுங்கள். பிறகு அகலம் மாறும் நீளத்தில் டெம்ப்ளேட்டையே நகலெடுத்துத் திருத்தாமல், காரிடாரின் பாராமெட்ரிக் கன்ஸ்ட்ரெயின்ட்டில் தொடக்க மதிப்பும் முடிவு மதிப்பும் கொடுத்தால் போதும். ‘7 மீ’, ‘7.9 மீ’, ‘10 மீ’ என்று லைப்ரரியில் டெம்ப்ளேட்கள் குவிந்து கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் லேபிள் வைக்காததுதான்.

மேல்தளம் அகன்று, அடியில் உள்ள டபிள்யூஎம்எம்மும் (ஈரக்கலவை ஜல்லி அடுக்கு) ஜிஎஸ்பியும் (அதற்குக் கீழே உள்ள அடித்தள அடுக்கு) பழைய இடத்திலேயே நின்றுவிட்டால், அந்த அடுக்குகளின் விளிம்புப் பாயின்ட்கள் மையக்கோட்டில் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நேர்மேலே உள்ள அடுக்கின் விளிம்பே பேரண்ட்டாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறங்கினால், மேல் விளிம்பு போகும் இடத்துக்கு எல்லாம் கூடவே போகும்.

வளைவில் சூப்பர் எலிவேஷன் ஏறவில்லை

தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய லாரிகள் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு வளைவின் குறுக்குச் சரிவு (சூப்பர் எலிவேஷன்) எத்தனை முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் இதைக் கண்ணால் பார்த்துத் திருப்திப்படாமல், ஓர் எண்ணை வைத்துச் சோதியுங்கள். இரண்டுவழிச் சாலை மையத்தைச் சுற்றிச் சுழன்று 7 சதவீதம் ஏறினால், வெளி விளிம்பு மையத்தைவிட 24.5 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும், உள் விளிம்பு அதே அளவு கீழே. வளைவின் நடுவில் ஒரு குறுக்குவெட்டைத் திறந்து அளந்துவிடுங்கள். வெளி விளிம்பு இன்னும் 8.75 சென்டிமீட்டர் கீழேயே நிற்கிறதா? அப்படியென்றால் சூப்பர் எலிவேஷன் காரிடாருக்கு வந்தே சேரவில்லை.

பெயர்தான் முதல் சந்தேகம். சூப்பர் எலிவேஷனைக் காரிடாருக்குக் கொடுக்கும்போது எந்தப் பாயின்ட் எதைச் சுற்றிச் சுழல வேண்டும் என்பது பாயின்ட் பெயரால் தீர்மானமாகிறது. டெம்ப்ளேட்டில் ஒரு கூறைச் சேர்த்தபோதோ ஒன்றிணைத்தபோதோ பெயரின் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் நினைத்த விளிம்பு வேறு, சுழலும் விளிம்பு வேறு. அடுத்து, அதே விளிம்பின் மட்டத்தை வேறொரு பாயின்ட் கன்ட்ரோல் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மோதினால் முன்னுரிமை எண் சிறியதாக இருப்பதே வெல்லும்.

ஓடுதளம் சரியாக ஏறியும் வெளிப்பக்க மண் ஷோல்டர் கூடவே சாய்ந்து சாலைக்குள் இறங்கினால், அதன் பேரண்ட் ஓடுதள விளிம்பாகவும் சரிவு அதைப் பின்தொடர்வதாகவும் இருக்கிறது. மழைக்கு மண் சாலைக்கு வந்துவிடும். தளமிட்ட ஷோல்டர் ஓடுதளத்தோடு சாயட்டும். மண் ஷோல்டர் மட்டும் தளமிட்ட ஷோல்டரின் விளிம்பைப் பிடித்து, தன் சொந்தச் சரிவில் வெளியே இறங்கட்டும்.

லைப்ரரியில் திருத்தியும் காரிடார் மாறவில்லை

மாறாது. டெம்ப்ளேட்டைக் காரிடாரில் இறக்கும்போதே அதன் நகல் வரைபடக் கோப்புக்குள் உட்கார்ந்துவிடுகிறது. டெம்ப்ளேட் டிராப்பைத் தேர்ந்து ‘சிங்க்ரனைஸ் வித் லைப்ரரி’ கொடுங்கள். அதற்கு முன் ஒன்று: அந்த டிராப்பில் யாராவது நேரடியாகத் திருத்தம் செய்திருந்தால் அது அழிந்துபோகும். குழுவில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பாறையிலும் மண் சரிவே வருகிறது

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரை மீட்டர் மண்ணுக்கு அடியிலேயே பாறை தட்டும் இடங்கள் நிறைய. டெம்ப்ளேட்டுக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே டெர்ரெய்ன். ஆகவே மேலிருந்து கீழ்வரை மண்ணுக்கான 1-க்கு 1 சரிவையே வெட்டும்.

எண்ணாகப் பார்த்தால் தீவிரம் புரியும். 6 மீட்டர் ஆழக் கட்டிங்கில் 1-க்கு 1 என்றால் ஒரு பக்கச் சரிவுக்கு மட்டும் 18 சதுர மீட்டர். கெட்டிப் பாறையில் 4 செங்குத்துக்கு 1 கிடை என்று வெட்டினால் 4.5 சதுர மீட்டர்தான். 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு பக்கத்தில் 1,350 கன மீட்டர் வித்தியாசம். வெடி வைத்து எடுக்கும் பாறைக்கு வீதம் வேறு என்பதால் மதிப்பீடே ஆட்டம் காணும்.

துளையிட்டுப் பார்த்த ஆழங்களை வைத்துப் பாறையின் மேற்பரப்பை இரண்டாவது டெர்ரெய்னாக உருவாக்குங்கள். எண்ட் கண்டிஷனை இரண்டு கட்டமாக வையுங்கள். வடிகாலிலிருந்து பாறைச் சரிவு ஏறிப் பாறை டெர்ரெய்னைத் தொட வேண்டும். அங்கே ஒரு சிறிய பெர்ம் (தட்டையான படி). பெர்மின் முனையிலிருந்து மண் சரிவு ஏறி இயற்கைத் தரையைத் தொட வேண்டும். பாறை வடிகாலின் அடியைவிட ஆழத்தில் இருக்கும் இடத்தில் முதல் கட்டம் தோற்கும்; அப்போது எடுத்துக்கொள்ள, வெறும் மண் சரிவை அடுத்த முன்னுரிமையில் தயாராக வைத்திருங்கள். இப்படி ஒரு டெம்ப்ளேட்டை ஒருமுறை பொறுமையாகச் செய்து லைப்ரரியில் போட்டுவிட்டால், பர்கூர் பக்கமோ சூளகிரி பக்கமோ அடுத்த சாலைக்கு அப்படியே எடுத்து ஓட்டலாம்.

ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து அடுத்ததுக்குப் போகும் இடத்தில் கோடுகள் முறுக்கிக்கொள்கின்றன

ஊருக்கு வெளியே மண் ஷோல்டர், ஊருக்குள் மூடிய வடிகாலும் நடைபாதையும். டெம்ப்ளேட் டிரான்சிஷன் ஒரே பெயருள்ள பாயின்ட்களைத் தானாக இணைக்கிறது. ஒரு டெம்ப்ளேட்டில் உள்ள பாயின்ட்டுக்கு மற்றதில் ஜோடி இல்லாவிட்டால் கோடு எங்கோ பாயும். டிரான்சிஷனைத் திறந்து கையால் இணைக்கலாம். அதைவிட, இரண்டு டெம்ப்ளேட்டிலும் ஒரே பாயின்ட் பட்டியலை வைத்து, ஊருக்கு வெளியே நடைபாதையின் அகலத்தைப் பூஜ்ஜியத்துக்கு அருகில் கொடுத்துவிடுவதையே நான் விரும்புவேன். லைப்ரரி முழுவதற்கும் ஒரே பெயரிடும் முறை இருந்தால் இந்த அறிகுறி வருவதே அரிது.

கட்டிங்கும் நிரப்பும் மாறும் இடத்தில் விளிம்புக்கோடு துண்டாகிறது

கட்டிங் முனைக்கும் நிரப்பு முனைக்கும் வெவ்வேறு பாயின்ட் பெயர் இருப்பதால் மென்பொருள் இரண்டையும் வேறு வேறு கோடாகப் பார்க்கிறது. இரண்டுக்கும் ஒரே ஃபீச்சர் நேம் ஓவர்ரைடு கொடுங்கள். இடது பக்கத்துக்கு ஒரு பெயர், வலது பக்கத்துக்கு வேறு பெயர். நில எடுப்பு எல்லையை இந்தக் கோட்டை வைத்துத்தான் குறிக்கிறார்கள். துண்டான இடத்தில் யாரோ கையால் கோடு போட்டு இணைத்தால், அது ஒருவர் மாந்தோப்பில் ஒரு வரிசை மரத்தை உள்ளே தள்ளிவிடக் கூடும். வரைபடத்தைக் கொடுக்கும் முன் இந்தக் கோடு முழு நீளத்துக்கும் ஒரே கோடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

கொண்டை ஊசி வளைவின் உள்ளே கோடுகள் பின்னிக்கொள்கின்றன

உள்பக்கச் சரிவின் நீளம் வளைவின் ஆரத்தைவிட அதிகமாகிவிட்டது, அடுத்தடுத்த குறுக்குவெட்டுகள் ஒன்றையொன்று கடந்து விழுகின்றன. மலைச்சாலையில் உள்வளைவின் ஆரம் 14 மீட்டர் வரை இறங்கலாம் என்பதால், இதை டெம்ப்ளேட்டில் மட்டும் சரிசெய்ய முடியாது. வளைவின் உள்பகுதியைத் தனியாக கிரேடிங் செய்து (சரிவுகளைத் தனியே அமைத்து), காரிடாரின் அந்தப் பக்கத்தை கிளிப் செய்து வெட்டிவிடுங்கள். குறுக்குவெட்டுகளின் இடைவெளியைக் குறைத்தால் வளைவு வழவழப்பாகத் தெரியும், பின்னல் போகாது.

மண் அளவு கைக்கணக்கோடு ஒத்துப்போகவில்லை

ஓர் அடுக்கின் அளவு பூஜ்ஜியம் என்று வந்தால் அந்தக் கூறு மூடப்படவில்லை. கடைசிப் பாயின்ட் முதல் பாயின்ட்டோடு சேராமல் விட்டிருக்கும். அதிகமாக வந்தால் இரண்டு கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. ஷோல்டரின் மண்ணும் ஜிஎஸ்பியின் நீட்சியும் சந்திக்கும் மூலையை முதலில் பாருங்கள். குறைவாக வந்தால், அல்லது சிறுபாலத்தின் அருகில் மட்டும் தப்பாக இருந்தால், டெம்ப்ளேட் இடைவெளி காரணம். 10 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு என்றால் நடுவில் உள்ள 4 மீட்டர் அகல ஓடையை மென்பொருள் தாண்டிப்போய்விடும். ஓடையின் இரு கரைக்கும் நடுவுக்கும் கீ ஸ்டேஷன் (கூடுதல் குறுக்குவெட்டு எடுக்க வேண்டிய இடம்) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். பிறகு முழு நிரப்பில் ஒன்று, முழுக் கட்டிங்கில் ஒன்று, பாதி பாதியில் ஒன்று என்று குறுக்குவெட்டுகளை எடுத்து, பரப்பைக் கையால் போட்டு மென்பொருளின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போன பிறகு அளவுப் பட்டியலை அனுப்பலாம்.